நாணல்குடிக்கு எப்போதும் கடைசி

"நிறுத்த வேணாம் அண்ணே, மெதுவா மட்டும் போங்க. நான் ஏறிக்கறேன்!"

குத்தாலத்தைத் தாண்டிய வளைவில், புளியமரத்துக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்ட பெண் ஓடும் காரின் பின்கதவைத் திறந்து உள்ளே விழுந்தாள். மார்போடு ஒரு லேப்டாப் பை. முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். வெளியே தெரிந்த கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"சொந்த ஊருக்கு இப்படி வர்றவங்க ரெண்டே வகைதான்," என்றான் தங்கையன், கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே. "ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணவங்க, இல்லாட்டி சீட்டுக் கம்பெனி நடத்தினவங்க. நீங்க எந்த வகைங்க?"

"தங்கையா, ரோட்டைப் பாரு," என்றாள் பிரகதாம்பாள்.

பிரகதாம்பாள் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சென்னையிலும் அமெரிக்காவிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் தலைமுடி நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குத் திரும்பியவள். கீழவாசலில் ஒரு மாடி அறையில் துப்பறியும் தொழில் நடத்துகிறாள். தங்கையன் குவைத்தில் ஒரு பணக்கார வீட்டுக்குக் கார் ஓட்டியவன். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளர், சமயத்தில் தலைவலி.

"நீதானே செம்மொழி?" என்று திரும்பினாள் பிரகதாம்பாள். "போன்ல பாதிதான் புரிஞ்சுது. முதல்லேருந்து சொல்லும்மா."

"இன்னிக்கு மூணு மணிக்குக் குலுக்கல் மேடம். இதுலயும் எங்க ஊரு கடைசியா வந்துச்சுன்னா நான் வீட்டுக்குப் போக மாட்டேன். எங்க போவேன்னு எனக்கே தெரியாது."

தங்கையனுக்கு வாயில் வந்த ஜோக்கு வாயிலேயே நின்றது.

செம்மொழி சொன்னாள். மழை ஏமாற்றிய வருடம். ஒரே வாய்க்காலை நம்பி ஏழு ஊர்கள். அணையிலிருந்து கொஞ்ச நாளைக்கு மட்டும் தண்ணீர் விடுவார்கள், பிறகு நிறுத்துவார்கள், சில நாள் கழித்து மறுபடி விடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கொஞ்ச நாளை ஏழு ஊரும் முறை வைத்துப் பங்கு போட வேண்டும். முதலில் வரும் ஊருக்கு இடுப்பளவு தண்ணீர். கடைசி ஊரின் முறை வரும்போது வாய்க்காலில் கணுக்கால் நனையாது. யார் முதல் என்று வருடாவருடம் மண்டை உடையும்.

"அப்பத்தான் அப்பா சொன்னாரு, நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே, யாரும் குறை சொல்ல முடியாதபடி ஒண்ணு பண்ணிக் குடேன்னு. பெங்களூர்ல டேட்டா சயின்ஸ் வேலை மேடம் எனக்கு. ஒரு ராத்திரியில எழுதிக் குடுத்தேன். ஏழு ஊர் பேரையும் போட்டு பட்டனை அழுத்தினா அதுவே குலுக்கி வரிசை போட்டுடும்."

"சரியா வந்துச்சா?"

"மொத குலுக்கல்ல எங்க நாணல்குடி ரெண்டாவதா வந்துச்சு. ஊரே கொண்டாடுச்சு. அதுக்கப்புறம் மூணு குலுக்கல். மூணுலயும் கடைசி."

"அழுத்துறது யாரு?"

"வாய்க்கால் சங்கச் செயலாளர் இளையபெருமாள். ஆலத்திடல்காரரு. எல்லார் கண் முன்னாடியும்தான் அழுத்துறாரு. நான் பெங்களூர்ல இருந்தேன். மூணு தடவை தொடர்ந்து கடைசியா வர்றதுக்கு முந்நூத்தி நாப்பத்து மூணுல ஒரு வாய்ப்பு. யாரோ ப்ரோக்ராமுக்குள்ள கைய வச்சிட்டாங்கன்னு ஓடி வந்தேன். நேத்து சங்கத்துக் கம்ப்யூட்டர்ல வரி வரியாப் பார்த்தேன் மேடம். ஒரு எழுத்து மாறலை. நான் எழுதினது எழுதினபடி இருக்கு."

அவள் குரல் உடைந்தது.

"பயிரு இப்பத்தான் பால் பிடிக்குது. இப்பத் தண்ணி இல்லன்னா முழுக்கப் பதர். கண்ணாத்தா அத்தை வீட்டுக்காரரு நேத்து பூச்சிமருந்தைக் குடிச்சிட்டாரு. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில கெடக்குறாரு. ஊர்ல எல்லாரும் நான் ஆலத்திடல்காரங்ககிட்ட விலை போயிட்டேன்னு பேசறாங்க. எங்கப்பா எம் மூஞ்சியைக்கூடப் பார்க்க மாட்டேங்கறாரு."

பிரகதாம்பாள் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினாள். பிறகு கேட்டாள்: "வரி வரியாப் பார்த்தேன்னு சொன்னியே, ஊர்ப் பேர் பட்டியலைப் பார்த்தியா?"

"அது வெறும் பேருதானே மேடம்? தனி ஃபைல்ல இருக்கு."

"கம்ப்யூட்டர் தப்பான முடிவு சொன்னா நாம எல்லாரும் ப்ரோக்ராமைத்தான் நோண்டுறோம். உள்ள என்ன போகுதுன்னு பார்க்கறதில்லை. அமெரிக்காவுல நான் பார்த்த பாதிப் பிரச்சினை அங்கதான் கெடந்துச்சு."

"அக்கா," என்று குறுக்கிட்டான் தங்கையன். "இடது பக்கம் பாருங்க. இது எந்த ஊருங்க?"

"ஆலத்திடல்," என்றாள் செம்மொழி.

ரோட்டோரத்து வயல்களில் மடைவாயெல்லாம் புதுசாக வெட்டிச் சரிசெய்யப்பட்டிருந்தது. வரப்பு நெடுகிலும் யூரியா மூட்டைகள். பத்துப் பேர் தண்ணீருக்காகத் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள்.

"குலுக்கல் மூணு மணிக்குத்தானே? பொண்ணு பார்க்கறதுக்கு முன்னாடியே இங்க வளைகாப்பு நடக்குது!"

பிரகதாம்பாள் அவன் தோளில் தட்டினாள். "நல்லா ஓட்டுறே தங்கையா. இன்னும் வேகமா ஓட்டு."

தலைமதகுக்குப் பக்கத்தில் ஒற்றை அறைக் கட்டடம். அதுதான் வாய்க்கால் சங்கம். வெளியே வேப்பமர நிழலில் ஏழு ஊர்க் கூட்டமும் கூடியிருந்தது. கார்க்கதவு திறந்து செம்மொழி இறங்கியதும் பேச்சு நின்றது.

ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பிடி காய்ந்த நெற்கதிர். அதைச் செம்மொழியின் காலடியில் போட்டாள்.

"இந்தா, எடுத்துக்க. உன் மெஷினு விளைய வச்சது. எம் புருசன் மூக்குல குழாயோட கெடக்கறான். அதையும் ஒரு தடவ வந்து பார்த்துட்டுப் போ."

"அத்தை, நான் ஒண்ணும் பண்ணலை..."

"அத்தைன்னு கூப்புடாத!"

அவள்தான் கண்ணாத்தாள். சற்றுத் தள்ளி, மதகுச் சுவரில் சாய்ந்து நின்ற மெலிந்த மனிதர் இதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அது செம்மொழியின் அப்பா ஐயாவு. மகள் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

சங்க அறையில் இளையபெருமாள் வெள்ளை வேட்டியில், சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை.

"வாங்கம்மா, உக்காருங்க. தஞ்சாவூர்லேருந்து வர்றீங்களாமே? தாராளமாப் பாருங்க. நமக்கு மடியில கனமில்லை. மூணு மணிக்கு மட்டும் குலுக்கலை முடிச்சாகணும். இன்னிக்குச் சாயந்தரம் தண்ணி வந்துடும்."

பிரகதாம்பாள் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தாள். முதலில் பட்டியலைத் திறந்தாள். ஏழு பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில்: நாணல்குடி.

"நான் இப்படி வைக்கலை," என்று செம்மொழி முணுமுணுத்தாள். "அகர வரிசையில வச்சேன். அத்திமேடு, ஆலத்திடல், கொன்றைச்சேரி, அப்புறம்தான் நாங்க. நாலாவது. ஆனா மேடம், வரிசை எப்படி இருந்தா என்ன? குலுக்கிடுதே!"

பிரகதாம்பாள் ப்ரோக்ராமைத் திறந்தாள். மேலிருந்து மூன்றாவது வரியில் அவள் விரல் நின்றது.

"இது என்ன?"

செம்மொழி குனிந்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ..."

"எனக்கும் சொல்லிட்டு ஐயோங்குங்க," என்றான் தங்கையன்.

பிரகதாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "கம்ப்யூட்டருக்குக் கண்ணை மூடிக்கிட்டு எடுக்கத் தெரியாது தங்கையா. ஏதாவது ஒரு எண்ணைக் குடுத்து, இங்கேருந்து ஆரம்பின்னு சொல்லணும். அந்த எண்ணுக்கு சீட்னு பேரு. விதை. எண்ணைக் குடுக்காம விட்டா ஒவ்வொரு தடவையும் அதுவே புதுசா ஒண்ணு எடுத்துக்கும். இந்தப் பொண்ணு நாப்பத்திரண்டுன்னு எழுதி வச்சிட்டா."

"ஆடுதுறை நாப்பத்திமூணு நெல்லு தெரியும். இது அதுக்கு அண்ணனா?"

"எந்த ரகமோ, ஒரே விதைன்னா ஒரே விளைச்சல். குலுக்கற மாதிரி இருக்கும். ஆனா எப்பவும் அதே குலுக்கல்தான். மேல எந்த ஊர் இருந்தாலும் கடைசிக்குப் போகும். மூணாவதா எது இருந்தாலும் முதலுக்கு வரும்."

"பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் செம்மொழி. "எப்பவும் விதையைக் கட்டிப் போடு, அப்பத்தான் நீ செஞ்ச சோதனையை இன்னொருத்தர் செஞ்சாலும் அதே விடை வரும்னு. ஒவ்வொரு ப்ரோக்ராம் தலையிலயும் அந்த வரியைப் போட்டே பழகிட்டேன். கை தானா எழுதிடுச்சு. நேத்துகூட அதைத் தாண்டித்தான் படிச்சேன் மேடம்..."

"சோதனைக்கு அது நல்ல பழக்கம்தான். குலுக்கலுக்கு எமன்."

"அப்ப நான்தான்." அவள் வாசலைப் பார்த்தாள். கண்ணாத்தாளின் முதுகு தெரிந்தது. "நான்தான் பண்ணியிருக்கேன்."

"பாதிதான் நீ. மீதிப் பாதிக்கு இன்னொரு ஆள் வேணும். இரு, அழாதே."

பிரகதாம்பாள் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"குலுக்கலை ஆரம்பிக்கலாங்க. ப்ரோக்ராமை நான் தொடலை. ஒரே ஒரு மாற்றம் மட்டும். பட்டியல்ல முதல் பேரா நாணல்குடி இருக்கு. அதுக்குப் பதிலா செயலாளர் ஊரான ஆலத்திடலை மேல வைக்கறேன். நாணல்குடி ஆலத்திடல் இருந்த மூணாவது இடத்துக்குப் போகட்டும். ஐயா தன் கையாலேயே அழுத்தட்டும்."

கூட்டத்தில் யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. "சரி, அழுத்துங்க" என்று நாலைந்து குரல்கள் கேட்டன.

இளையபெருமாள் எழுந்திருக்கவில்லை.

"பட்டியலை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்கம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"குலுக்கல்தானேங்க? பேரு மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன?"

"அதுக்கில்ல... பழைய வரிசையிலயே இருக்கட்டும்."

"சும்மா ஒரு பட்டன் ஐயா," என்றான் தங்கையன். "கடிக்காது."

இளையபெருமாளின் விரல் மேசைமேல் வந்தது. பட்டனுக்குச் சற்று மேலே நின்றது. அங்கேயே நின்றது. நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. கையை மடியில் போட்டுக்கொண்டார்.

"அழுத்தினா என்ன வரும்னு தெரிஞ்சவருதான் அழுத்தப் பயப்படுவாரு," என்றாள் பிரகதாம்பாள். "குலுக்கலுக்கு முன்னாடியே உங்க ஊர் வரப்புல யூரியா இறங்கியிருக்கே, அதுக்கும் இதுதானே காரணம்?"

தங்கையன் ஊருக்கு ஒருவராக ஏழு பேரை வரிசையாக நிற்க வைத்தான். பிரகதாம்பாள் அதே வரிசையில் பெயர்களை அடித்து பட்டனை அழுத்தினாள். முன்னால் நின்றவர் கடைசி. மூன்றாவது ஆள் முதல். வரிசையைக் கலைத்து மாற்றி நிற்க வைத்தாள். முன்னால் நின்றவர் கடைசி. தங்கையன் முன்னால் நின்றவரை விலக்கிவிட்டு, அவர் இடத்தில் தானே நின்றுகொண்டு தன் பெயரை அடிக்கச் சொன்னான். தங்கையன் கடைசி.

கூட்டம் கொதித்தது. நாணல்குடி இளைஞர்கள் அறைக்குள் பாய்ந்து செயலாளரின் சட்டையைப் பிடித்தார்கள். செம்மொழி குறுக்கே போய் நின்றாள்.

"அவர அடிக்காதீங்க! அந்த வரியை எழுதினது நான்தான். தெரியாம எழுதினேன். ஆனா எழுதினது நான்."

கூச்சல் ஒரு கணம் அடங்கியது. சட்டை கிழிந்த இளையபெருமாள் அந்த இடைவெளியில் கத்தினார்.

"நான் கவனிச்சேன், உண்மைதான்! மூணாவது தடவையும் அதே வரிசை வந்தப்பப் புரிஞ்சுது. எங்க ஊரு நல்லா இருக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். ஆனா உங்க ஊரை மேல தூக்கி வச்சது என் யோசனை இல்ல. உங்க ஊர்க்காரரே வந்து கெஞ்சிக் கேட்டாரு. கேளுங்க அவர!"

அவர் நீட்டிய விரல் வாசல் வழியே மதகுச் சுவரைக் காட்டியது.

ஐயாவு இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். எல்லாத் தலையும் தன் பக்கம் திரும்பியதும் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அப்பா?" என்றாள் செம்மொழி.

"ஆமாம்மா." குரல் வெளியே வரச் சிரமப்பட்டது. "எங்கப்பன் காலத்துல பண்ணைக்கு ஆள் கூப்புட்டா நம்ம தெருவக் கடைசியாத்தான் கூப்புடுவாங்க. கோயில் நோட்டீசுல ஏழு ஊர் பேரு போட்டா நம்ம பேரு கடைசி. சில வருசம் அதுவும் இருக்காது. எம் பொண்ணு பண்ணுன மெஷினு, டிவி மாரி பொட்டியில ஏழு ஊர் பேரும் தெரியுது. மொத குலுக்கல் முடிஞ்சதும் செயலாளர்கிட்ட வந்து கேட்டேன், இதுலயாச்சும் எங்க ஊரு பேரு தலையில இருக்கட்டும்னு. தண்ணி மொதல்ல வேணும்னு கேக்கல. பேரைத்தான் கேட்டேன்."

அவர் கையிலிருந்த துண்டை முறுக்கினார்.

"கடைசி கடைசின்னு வந்தப்ப, நாம கேட்டதாலதானோன்னு ஒரு பயம். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உம் மூஞ்சியப் பார்த்தா சொல்லிடுவேனேன்னுதான் பார்க்கல."

செம்மொழிக்கு அவரிடம் போக வேண்டும்போல் இருந்தது. கால் வரவில்லை.

"நேரம் ஆவுது," என்று யாரோ சொன்னார்கள். "தண்ணி கிளம்பிடுச்சாம்."

பிரகதாம்பாள் செம்மொழியை நாற்காலிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். "அந்த வரியை நீயே எடு."

செம்மொழி அழித்தாள். வரிசை ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக வருகிறதா என்று எல்லாரும் பார்க்கும்படி சில தடவை ஓட்டிக் காட்டினாள். வந்தது. ஏழு ஊரும் தலையாட்டியது. "இதுதான் நிஜம்," என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

கண்ணைத் திறந்து திரையைப் படித்தாள்.

முதலில் கொன்றைச்சேரி. இரண்டாவது ஆலத்திடல். அதற்கப்புறம் நாலு ஊர்கள்.

கடைசியில் நாணல்குடி.

"இதுலயும் ஏதோ இருக்கு!" என்று ஒருவன் கத்தினான்.

"இல்லைங்க," என்றாள் பிரகதாம்பாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. "இது நேர்மையான குலுக்கல். ஏழு ஊர்ல ஒண்ணு கடைசியா வந்துதான் ஆகணும். நீங்க மூணு தடவை பட்டினி கெடந்தது அதுக்குத் தெரியாது. அதுக்கு ஞாபகம் கிடையாது."

கண்ணாத்தாள் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது. செம்மொழி திரையையே வெறித்தாள். தங்கையன் மெல்ல நகர்ந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றான், அவள் எழுந்து ஓடினால் பிடிக்க.

"எனக்கு ஞாபகம் இருக்குங்க."

குரல் பின்னாலிருந்து வந்தது. தலையில் முக்காடு, இடுப்பில் சாவிக்கொத்து. கொன்றைச்சேரியின் ரசியா பேகம். கணவர் சவூதியில். நிலத்தையும் ஊரின் சங்க வேலையையும் பார்ப்பது அவர்தான்.

"மூணு தடவையும் இவங்க கடைசியா நின்னப்ப எங்க ஊரு ரெண்டாவதா தண்ணி பாய்ச்சிக்கிச்சு. அது இவங்க முறைதானே, மொத குலுக்கல் பட்டியலே இருந்திருந்தா? இன்னிக்கு முதல் முறை எங்களுக்கு வந்திருக்கு. அதை நாணல்குடிக்குக் குடுக்கறேன்."

"அக்கா, ஊரைக் கேக்காம எப்படி?" என்று அவர் ஊர்க்காரர் ஒருவர் இழுத்தார்.

"ஊரு வந்து எங்கிட்ட சண்டை போடட்டும். நம்ம பயிரு ரெண்டு நாள் தாங்கும். இவங்களுது தாங்காது." அவர் இளையபெருமாள் பக்கம் திரும்பினார். "ஆனா நான் கடைசிக்குப் போகப் போறதில்ல. உங்க ரெண்டாவது முறையை எங்களுக்குக் குடுங்க. நீங்க கடைசிக்குப் போங்க. மூணு தடவை முதல்ல குடிச்சவங்க ஒரு தடவை காத்திருக்கலாம்."

இளையபெருமாள் கிழிந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏழு ஊரும் அவரையே பார்த்தது.

"சரி," என்றார்.

ஓடினார்கள். ஆண்களும் பெண்களும் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் ஓடினார்கள். காரையும் தாண்டி ஓடினார்கள். பிரகதாம்பாளும் தங்கையனும் நாணல்குடி போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. செம்மண் நிறத்தில், நுரையும் சருகுமாகத் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருந்தது. ஐயாவு முழங்காலளவு தண்ணீரில் நின்று மடையை வெட்டிக்கொண்டிருந்தார்.

அவர் முதலில் திறந்தது கண்ணாத்தாளின் வயல். வெடித்துக் கிடந்த மண் தண்ணீரைச் சத்தத்தோடு குடித்தது. கண்ணாத்தாள் ஒரு கதிரைப் பிடுங்கி, நெல்லை நகத்தால் நசுக்கினாள். பதர். இன்னொன்று. அதுவும் பதர். மூன்றாவதில் வெள்ளையாகப் பால் துளிர்த்தது. அவள் அதைச் செம்மொழியிடம் நீட்டிக் காட்டினாள்.

ஐயாவு அடுத்த மடைக்குப் போனார். அதுவும் வேறு யாருடைய வயலோ. அப்புறம் அதற்கடுத்தது.

செம்மொழி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். மண்வெட்டியின் காம்பைத் தானும் பிடித்துக்கொண்டாள். அவர் விலக்கவில்லை.



"நம்ம வயலுக்கு எப்பப்பா?" என்றாள் செம்மொழி.

ஐயாவு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"நம்மளுது கடைசிம்மா."